மாத்திரைக்கு மேல ஒரு தேத்தண்ணி

"தேயிலை மலையில இருந்துக்கிட்டு, மாசமா இருக்குற மருமகளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்க மாட்டேங்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?"

லயத்துல, அதான் எங்க தோட்டத்து வரிசை வீடுகள்ல, நான் இப்பிடிப் பேசுனது ரெங்கம்மாவப் பத்தி. எனக்கு அடுத்த காம்பராக்காரி, செவத்துக்கு அந்தப் பக்கத்து வீடு. அப்புத்தளைக்குக் கீழ எங்க தோட்டத்துல அவள மாதிரி கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. அவள மாதிரி வாயத் தொறக்காத ஆளும் கிடையாது.

மருமக ஜீவராணிக்கு அஞ்சு மாசம். மகன் நிஷாந்துக்குக் கொழும்புல கடையில வேல. போன கிளினிக்ல அவளுக்கு ரத்தம் ஒன்பதுதான் இருக்குன்னுட்டாங்க.

"பதினொண்ணு இருக்கணும். அடுத்த மாசமும் ஏறலன்னா பதுளை ஆஸ்பத்திரியில படுக்க வைக்க வேண்டியதுதான்"னு மிட்வைஃப் மிஸ் கறாரா சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை குடுத்து அனுப்புனாங்க.

தலைப்பிரசவம். புருஷனும் பக்கத்துல இல்ல. யாரும் தெரியாத எடத்துல போய் எப்பிடிக் கெடக்குறதுன்னு ஜீவராணிக்கு ஒரே பயம்.

அன்னையிலேருந்துதான் ரெங்கம்மா தேத்தண்ணிய நிறுத்துனா.

"ஏன் ரெங்கம்மா?"

"வேணாம்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"வேணாம்னா வேணாம்."

சீனி விக்கிற வெலைக்கு மிச்சம் புடிக்கிறாள்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு.

சாப்பாட்டுல கொற சொல்ல முடியாது, உள்ளதச் சொல்லணும்ல. பொன்னாங்கண்ணி, பீட்ரூட், முட்ட, நெத்தலின்னு ஊட்டிவிடாத கொறதான்.

"இம்புட்டு சத்தாத் திங்கிறவளுக்கு மாத்திரை எதுக்குடி? நான் நாலு பெத்தேன், ஒரு மாத்திரை முழுங்குனேனா?"ன்னு ஜீவராணிகிட்ட கேட்டேன்.

"குடிக்கலன்னா மிஸ் ஏசுவாங்கக்கா. ஆனா முழுங்குனா வாயெல்லாம் ஒரே இரும்பு வாடை. சுடச்சுட ஒரு தேத்தண்ணி இருந்தா..." சொல்றப்பவே புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு.

எனக்குப் பொறுக்குமா? காலையில ரெங்கம்மா மாத்திரைய எடுத்து வச்சுட்டு, வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போவா. முட்டி வலியால நான் இப்ப மலைக்குப் போறதில்ல. அவ தலை மறைஞ்சதும் இஞ்சி தட்டிப் போட்டு, தேயிலைச் சாயத்தத் தூக்கலா ஊத்தி ஒரு கோப்ப கொண்டு போவேன். ஜீவராணி மாத்திரைய அதுலயே முழுங்கிருவா. எங்க ஆளுங்க காய்ச்சலுக்குப் போடுற பனடோலையே தேத்தண்ணியிலதான முழுங்குவாங்க!

"அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா..."ன்னு கையப் புடிச்சுக்குவா. எனக்கு அப்பிடியே வயிறு குளுந்துரும். மழைன்னும் பாக்கல, மூட்டம்னும் பாக்கல, முப்பது நாளும் கொண்டு போனேன்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கெளம்பினேன். புள்ளைக்குத் துணைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டேன். உள்ளுக்குள்ள, புள்ளைக்குத் தேத்தண்ணி குடுக்காததுக்கு ரெங்கம்மா மிஸ்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறத நேர்லயே பாக்கணும்னு ஆச.

ரத்தம் பாத்தாங்க. எட்டரைக்கு எறங்கியிருந்துச்சு.

"ஜீவராணி, மாத்திரைய குடிச்சியா, தூக்கி எறிஞ்சியா?"

"குடிச்சேன் மிஸ்."

"ஒரு நாள்கூட விடல மிஸ்"னு ரெங்கம்மா வெறும் மாத்திரை அட்டைகள எடுத்து மேசையில வச்சா.

மிஸ்ஸுக்குக் கோவம் வந்துருச்சு. "போன மாசம் இந்தப் புள்ள நிறை பாக்கப் போயிருந்தப்ப உங்ககிட்ட என்ன சொன்னேன்? நல்லாச் சாப்பிட்டாலும் இந்த நேரத்துல அது மட்டும் பத்தாது, மாத்திரையும் வேணும்னேன். மாத்திரையோட தேத்தண்ணி குடிச்சா இரும்புச்சத்து ஒடம்புல சேராது, கீரையில உள்ளதும் வீணாப் போயிரும்னு சொன்னேனா இல்லையா? நீங்க குடுத்திருக்கீங்க!"

அந்தக் குளிர்லயும் எனக்குக் குப்புன்னு வேர்த்துருச்சு.

"சத்தியமா இல்ல மிஸ்." ரெங்கம்மா அவ்வளவு பேசி நான் அன்னைக்குத்தான் கேட்டேன். "மாத்திரைக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் ஆகாதுன்னு சொன்னீங்க. அதச் சொன்னா இவ 'அரை மணி நேரம் ஆச்சு, குடுங்க மாமி'ன்னு பேரம் பேசுவா. அதான் ஒண்ணும் சொல்லாம மொத்தமா நிறுத்திட்டேன். நான் குடிச்சா அந்த வாசத்துல இவளுக்கு ஆச வந்துருமேன்னு, நானும் ஒரு மாசமா வாயில வைக்கல மிஸ். மலையிலகூட பச்சத் தண்ணிதான்."

"அப்ப வேற யாரு குடுத்தா? நீ சொல்லு ஜீவராணி."

ஜீவராணி தலையக் குனிஞ்சுக்கிட்டா. என்னையக் காட்டிக் குடுக்க அவளுக்கு மனசு வரல.

"சரி, நான் என்ன செய்யிறது?"ன்னு மிஸ் பேனாவ எடுத்து, பதுளை ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லித் துண்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

"மிஸ், கும்புட்டுக் கேக்குறேன், இன்னும் ஒரு மாசம் குடுங்க. எங்க கொற இருக்குன்னு பாத்து நான் சரி பண்ணிர்றேன்." ரெங்கம்மா அழுதா. ஆயுசுக்கும் அவ அழுது நான் பாத்ததில்ல.

செவத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

"அவங்கள ஏசாதீங்க மிஸ். பாவம் பாத்துப் பாத்து இந்தப் புள்ள ரத்தத்தக் கெடுத்தது நான்தான்."