எட்டும் விரல்

ஒசாகாவின் கேமரா கடையில், ஜன்னலோர மாலை வெயிலில் மாதிரிக் கேமராக்கள் வரிசையாக மின்னுகின்றன. பத்திரிகைப் புகைப்படக்காரி மிச்சியோ ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துப் பார்க்கிறாள். பொத்தானை அழுத்தும் ஆள்காட்டி விரலை விபத்தில் இழந்து ஐந்து மாதமாகிறது. திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போகிறாள். "மேடம், அதெல்லாம் வெறும் கூடுங்க, உள்ள ஒண்ணுமே கிடையாது. நெசமானத எடுத்துத் தரட்டுமா?" என்கிறார் விற்பனையாளர் ஹிராயாமா. "இருக்கட்டுங்க. என் கைக்கு எது ஒத்துவருதுன்னு பாக்க, கூடு போதும்." முதல் இரண்டிலும் நடுவிரல் பொத்தானுக்கு எட்டவில்லை. மூன்றாவது, உள்ளங்கையில் கச்சிதமாகப் பொருந்துகிறது. நடுவிரல் நீண்டு பொத்தான்மேல் அமர்கிறது. அழுத்துகிறாள். பொத்தான் அசையவில்லை, சத்தமும் இல்லை. ஆனால் படமெடுக்கும்போது எப்போதும் நிற்பதுபோல் அவள் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. கேமராவைக் கண்ணருகே உயர்த்தி, விற்பனையாளர் பக்கம் திருப்புகிறாள். பார்க்கும் துளை அடைபட்டு ஒரே கறுப்பாக இருக்கிறது. ஹிராயாமா சிரித்துக்கொண்டே டையைச் சரிசெய்கிறார். "இளிக்காதீங்க," என்கிறாள் மிச்சியோ, மறு கண்ணால் அவரைப் பார்த்தபடி. கூட்டத்தையே விலக்கிப் பழகிய குரல். "ஜன்னல் பக்கம் திரும்புங்க. வெளிச்சம் முகத்துல விழட்டும்." அவர் சட்டென்று திரும்பி, நிமிர்ந்து நிற்கிறார்.