சத்தம் போடும் பம்ப்

“இது ஓடுறதே தெரியாது சார். சின்னத் தொட்டிக்கு அளவான வேகம், பவளத்துக்கும் நோகாது” என்றார் வண்ணமீன் கடைக்காரர்.

பம்ப் வாங்க வந்தவர் சோதனைத் தொட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“வேகம் சரி. சத்தம்தான் பத்தலைங்க.”

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சத்தம் வருகிறதென்று பம்பைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சத்தத்தைக் கேட்டு வாங்க வந்தவர் இவர் ஒருவர்தான்.

“மேடம், நீங்களாவது சொல்லுங்க. வீட்டுல தூங்க வேண்டாமா?”

தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து நின்ற அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘வீட்டுல ஏதோ சண்டை போல’ என்று நினைத்தபடி, யாரோ திருப்பிக் கொடுத்திருந்த பம்பைத் தேடியெடுத்துத் தொட்டிக்குள் ஓட விட்டார் கடைக்காரர். பவளங்கள் மெல்ல அசைந்தன. பம்ப் மட்டும் கடகடவென்று கடையையே அதிர வைத்தது.

மனைவி துள்ளித் திரும்பி, கணவரிடம் விரல்களாலேயே படபடவென்று பேசினார்.

“இதேதான்! கட்டிக் குடுங்க!” கணவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “இவளுக்குப் பத்து வயசுல போன காதுங்க. ஆபரேஷன் ஆயிடுச்சு. நாளைக்குக் காது மெஷினை ஆன் பண்றாங்க. இத்தனை வருஷமா பம்ப் ஓடுதான்னு கண்ணாடியைத் தொட்டுத்தான் பார்ப்பா. நாளைக்கு வீட்டுக்கு வந்ததும் நேரா தொட்டிகிட்டதான் போய் நிப்பாளாம்.”

கடைக்காரர் பம்பை வெளியே எடுத்துத் துடைத்தார். “அப்போ உங்க குரலை முதல்ல கேக்க வேண்டாமாமா?”

“அதுக்குத்தான் நிறுத்துற சுவிட்சே கிடையாதே, மெதுவா கேட்டுக்கறேங்கறா!”