மூன்று பேர் எழுந்த பெயர்

கிளினிக் கதவைத் திறந்து நர்ஸ் கூப்பிடும் பெயருக்கு மூன்று பெண்கள் எழுந்திருக்கிறார்கள். மூவருக்கும் காதோரம் நரை. மடியில் பேத்தியை வைத்திருக்கும் பெரியவரும் பாதி எழுந்து, சட்டென்று உட்கார்கிறார். அது அவருடைய மனைவியின் பெயர். அவள் இறந்ததிலிருந்து அவர் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "மூட்டுவலின்னு வந்தது யாரும்மா?" என்கிறாள் நர்ஸ். "மூணு பேருக்கும் அதேதான்" என்று கண்ணாடி போட்டவள் சிரிக்கிறாள். "எங்க கிளாஸ்லயே அஞ்சு பேரு. ஒருத்தி வம்பு பண்ணினா அஞ்சு பேருக்கும் அடி விழும்." குடை வைத்திருப்பவள் பெருமூச்சு விடுகிறாள். "அப்போ பொண்ணு பொறந்தாலே இந்தப் பேருதான். இப்போ யாரு வைக்கிறா? எங்களோட சரி." ஜன்னல் வெயில் குழந்தையின் மூடிய கைமேல் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் மகள், ஏற்கெனவே மூடிய பால்புட்டியை மறுபடி இறுக்கி மூடுகிறாள். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மகள் மனதில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதும், அப்பாவுக்கு வலிக்குமே என்றுதான் அவள் கேட்காமல் இருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். "சரி, முதல்ல குழந்தை வரட்டும்" என்கிறாள் நர்ஸ். "பாப்பா பேரு என்ன?" மகள் வாயைத் திறப்பதற்குள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்கிறார். குரல் உடையவில்லை. "என்ன?" என்று மூன்று பெண்களும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். "உங்களை இல்லம்மா" என்கிறார். "இவளை."