ஒன்பது பேர்

தீர்த்தம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரிக்கு மரம் ஏற்றும் இடத்தில் கட்டைகள் சரிந்து அவள் புருஷன் மாதையன் செத்து ஒரு மாதமாகிறது.

"நஷ்டஈடு கெடைக்குங்களா?"

"கெடைக்காதும்மா," என்றார் தொழிலாளர் அதிகாரி. "பத்துப் பேர் வேலை செஞ்சாத்தான் சட்டம். மரம் வெட்டுற சின்னக் கூப்புக்கு விலக்கு உண்டு. அங்க ஒன்பது பேர்தான்."

"எங்கூட்டுக்காரரோட பத்துங்க. வூட்ல கொழந்தைங்க பட்டினி கெடக்குதுங்க."

நாற்காலியில் இருந்த கான்ட்ராக்டர் சிரித்தார். "அவன் எங்கிட்ட வேலையே செய்யலீங்க சார். வெறகு பொறுக்க வந்தவன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் மனசு கேக்கலைம்மா. ஆனா, அவர் செத்த அன்னிக்குச் சோதனைக்கு வந்ததே நான்தான். ஜீப்பை நிறுத்தி நானே எண்ணினேன். ஒன்பது பேர்தான் நின்னாங்க."

தீர்த்தம்மாள் அவரையே பார்த்தாள்.

"ஜீப்புல வந்தது நீங்களாங்க?" என்றாள். "ஜீப்பு சத்தம் கேட்டா ஒருத்தர் ஒளிஞ்சிக்கணும்னு இந்தக் கான்ட்ராக்டரு உத்தரவுங்க. அன்னிக்கு எங்கூட்டுக்காரரு மொறை. நீங்க எண்ணி முடிக்கிற வரைக்கும் அந்தக் கட்டைங்களுக்கு அடியிலதாங்க படுத்திருந்தாரு."