ரீஜண்ட்ஸ் பார்க்கில் ஓர் அண்ணை

“யோகா! யோகா! பந்து!”

கப்டன் ஹெலன் தொண்டை கிழியக் கத்தினாள். மைதானத்தின் கடைசியில், மர நிழலில் நின்ற யோகராஜா அசையவில்லை. பந்து அவரைத் தாண்டிப் புல்லில் உருண்டு போனது.

“அவருக்குக் காது சரியில்லை அக்கா. யுத்தத்தில ஷெல் வெடிச்சு அடைச்ச காதாக்கும்,” என்றான் கூட வேலை செய்யும் தர்சிகன். “ஆனா மட்டையைக் குடுத்துப் பாருங்கோ. பந்து ஆர்ச்வே முருகன் கோயிலிலதான் போய் விழும்.”

சுலோச்சனா சிரிக்கவில்லை. அலுவலக சொஃப்ட்போல் அணியில் அவள் சேர்ந்தது விளையாடுவதற்காக அல்ல. அந்த மனிதரைப் பக்கத்தில் பார்ப்பதற்காக.

போன மாதம்தான் இந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் கிழமையே யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். கேக்கின்மேல் ‘யோகராஜா’ என்று எழுதியிருந்தது.

காணாமல் போன அவளுடைய அண்ணனின் பெயர். அவன் பிறந்த நாளும் அதே நாள்தான். விசாரித்தாள், ஊர் விசுவமடு. அதுவும் பொருந்தியது.

பெரியம்மா லண்டனுக்குக் கூட்டிவந்தபோது சுலோச்சனா சின்னக் குழந்தை. அண்ணன் ஊரிலேயே நின்றுவிட்டான். அவன் முகம் அவளுக்கு நினைவில்லை. இருந்த படங்களும் வீட்டோடு எரிந்து போயின. யுத்தம் முடிந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

லண்டன் கிங்ஸ்பரி வீட்டில் பெரியம்மா ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளுக்குப் பாயசம் வைக்கிறார். திவசம் என்று யாராவது வாயெடுத்தால் சீறுவார். “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் திவசம் செய்வினமோ?”

நேரே போய்க் கேட்டுவிடலாம்தான். இல்லை என்று சொல்லிவிட்டால்?

அவளுடைய முறை வந்தது. பந்து மட்டையில் பட்ட சந்தோஷத்தில், பள்ளிக்கூடக் கிரிக்கெட் பழக்கத்தில், மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“ஐயோ அக்கா, மட்டையைப் போட்டிட்டு ஓடுங்கோ! இது கிரிக்கெட் இல்லை!” தர்சிகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யோகராஜாகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தன் சாயலைத் தேடினாள் சுலோச்சனா.

அடுத்த ஆட்டத்தில் அவருக்குச் சற்றுத் தள்ளி அவள் நின்றாள். பந்து உயர எழுந்து, அவருடைய தலைக்குப் பின்னால் இறங்கியது. ஹெலனும் மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். “யோகா! யோகா!” அவர் திரும்பவில்லை.

“அண்ணை...” சுலோச்சனாவின் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் சட்டென்று திரும்பினார். ஒரே பாய்ச்சலில் பந்தைப் பிடித்தார்.

காது சரியில்லாதவருக்கு அது எப்படிக் கேட்டது? ரத்தம் கூப்பிட்டால் கேட்காதா என்ன!

அணி முழுக்கக் கைதட்டி ஆர்ப்பரித்தது. “யோகா! யோகா! யோகா!” அவர் முகம் வெளிறிப்போனது. தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல மெல்லத் திரும்பிப் பார்த்தார். அங்கே மரநிழல் மட்டுமே இருந்தது.

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் குளிர்பானப் பெட்டியைச் சூழ்ந்துகொள்ள, அவர் மட்டும் தனியே குந்தியிருந்து கையுறைகளைப் பைக்குள் அடுக்கினார். சுலோச்சனா முன்னால் போய் நின்றாள்.

“அண்ணை, நான் சுலோச்சனா.”

“தெரியும் பிள்ளை. மட்டையோட ஓடினனீங்கள்.”

“விசுவமடு. தவநாயகியின்ர மகள்.”

கையுறை அவர் கையிலிருந்து நழுவியது. “சுலோ... சின்ன சுலோவோ?”

“ஓம் அண்ணை!” அவர் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு அழுதாள். “எழும்புங்கோ, வீட்டை போவம். பெரியம்மா உங்களைப் பாத்தாத்தான் நிம்மதியாக் கண்ணை மூடுவா. ஏன் அண்ணை எங்களைத் தேடேல்லை?”

தூரத்தில் ஹெலன் கூப்பிட்டாள். “யோகா! யோகா!”

இப்போதும் அவர் திரும்பவில்லை. சுலோச்சனாதான் திரும்பினாள்.

“காதில பிழையில்லை, பிள்ளை,” என்றார் அவர், கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு. “அந்தப் பேருக்குத் திரும்ப எனக்கு இன்னும் பழகேல்லை. அவன்ர பாஸ்போட்டிலதான் நான் இஞ்சை வந்தனான்.”

“அப்ப... என்ர அண்ணை?”

“என்ர கையாலதான் புதைச்சனான்.”