முந்நூற்று இருபது குதிரைகளும் நான்கு தேசிக்காயும்

“இஞ்சாருங்கோ, இந்தக் காரை முன் சில்லு இழுக்கிறதோ, பின் சில்லு தள்ளுறதோ?”

புஷ்பவதியின் கேள்விக்கு ஆனந்தராசா சிரித்தான்.

“பின் சில்லுதான். அந்தக் காலத்து அமெரிக்கன் கார் எல்லாம் அப்பிடித்தான். வலு முழுக்கப் பின்னாலை. உனக்கேன் இப்ப உது?”

“அப்ப பின் சில்லுக்குத்தான் வடிவாச் செய்யவேணும்.” தோளில் தொங்கிய துணிப்பைக்குள் கையை விட்டு நான்கு தேசிக்காய்களை எடுத்தாள்.

மனுரேவாவில் ஒரு பண்டகசாலையின் பின்புறம். சனிக்கிழமை என்பதால் லொறிகள் இல்லை. நீண்ட கொங்கிரீட் முற்றம் வெறுமையாகக் கிடந்தது. அதன் ஒரு முனையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள். சிவப்பு மஸ்டாங் ஆனந்தராசாவுடையது. கறுப்புக் கமாரோ, கூட வேலை செய்யும் தோமஸுடையது. எந்தக் கார் திறம் என்று இரண்டு வருடமாகத் தேநீர் இடைவேளையெல்லாம் சண்டை பிடித்தவர்கள், இன்று அதைத் தீர்த்துவிடுவதென்று வந்திருந்தார்கள்.

“என்ன மச்சான், காருக்குக் கலியாணமோ?” தோமஸ் தன் காரிலிருந்து தலையை நீட்டினான். கண்ணாடியில் செபமாலை ஆடியது.

“நீ சிரி. என்ரை முந்நூற்று இருபது குதிரைவலு. உன்ரை இருநூற்றுத் தொண்ணூற்றைஞ்சு. இருபத்தைஞ்சு குதிரைக்கு எங்கை போவாய்?”

“என்ரை குதிரையள் ஓடும். உன்ரை நிண்ட இடத்திலை நிண்டு கனைக்கும். மழைத்துளி பட்டாலே போர்வை போத்துற காரெல்லாம் ஒரு காரோ?”

“அறுபத்தொன்பதாம் ஆண்டுக் காரடா. துருப்பிடிச்சிடும்.”

“காருக்குப் போர்வை, மனிசிக்கு பஸ். ஏன், தங்கச்சி துருப்பிடிக்கமாட்டாவோ?”

புஷ்பவதி அதைக் காதில் விழுத்தாதவள் போலக் குனிந்து சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தாள். மங்கரேயில், விமான நிலையத்துக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வீடு இருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும்.

“பந்தயம் ஞாபகம் இருக்குத்தானே?” என்றான் தோமஸ். “தோக்கிறவர் ஒரு வருசத்துக்குக் கார்த் திறப்பை மனிசியிட்டைக் குடுத்திட்டு பஸ்ஸிலை வாறது. இண்டையிலை இருந்து.”

“ஓமோம். நீதான் வாங்கவேணும் பஸ் அட்டை.”

ஆனந்தராசாவுக்கு அந்தப் பந்தயத்தில் பயமே இல்லை. தோமஸின் மனைவி கார் ஓடுவாள். புஷ்பவதிக்கு ஓடத் தெரியாது. தப்பித்தவறித் தோற்றாலும் திறப்பு சாயந்தரமே அவனிடம் திரும்பி வந்துவிடும்.

“நீங்கள் உள்ளை ஏறி இருங்கோ,” என்றாள் புஷ்பவதி. “உங்களுக்கு ஏழரைச் சனி நடக்குது. இண்டைக்குச் சனிக்கிழமையும். சனீஸ்வரனுக்கு ரெண்டு துளி எள்ளெண்ணெய் விட்டிட்டு வாறன்.”

“கெதியாச் செய்.”

அமெரிக்கன் கார் என்பதால் இடப்பக்கத்தில் இருந்த ஓட்டுநர் இருக்கையில் அவன் ஏறி எஞ்சினை முடுக்கினான். அந்த உறுமலில் வேறு எதுவும் கேட்கவில்லை. புஷ்பவதி பின்னாலிருந்து எழுந்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஒண்டு... ரெண்டு... மூண்டு!” என்று எண்ணிக் கையை இறக்கினாள்.

கமாரோ பாய்ந்தது. மஸ்டாங்கின் முன் சில்லுகள் அசையவில்லை. வலப்பக்கப் பின் சில்லு மட்டும் நின்ற இடத்தில் கிறுகிறுவென்று சுழன்றது. வெள்ளைப் புகை எழுந்தது. ஆனந்தராசா இன்னும் அழுத்தினான். சில்லு இன்னும் வேகமாகச் சுழன்றது. கார் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தது. முற்றம் முழுவதும் எள்ளெண்ணெய் கருகும் மணம்.

மஸ்டாங் ஒருவழியாக இருபது மீற்றர் போனபோது, தோமஸ் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

“என்ன மச்சான், முந்நூற்று இருபது குதிரையும் கட்டையிலை கட்டினபடியோ?”

ஆனந்தராசா இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். கார் புறப்பட்ட இடத்தில், கொங்கிரீட்டில் ஒரு சின்ன எண்ணெய்க் குளம்.

“புஷ்பா! இது ரெண்டு துளியோ? நீ சனீஸ்வரனுக்கு விட்டனியோ, எனக்கு விட்டனியோ?”

“ஐயோ, கூடிப்போச்சோ? போத்தில் வாய் பெரிசப்பா.”

“இது செல்லாது தோமஸ். திருப்பி ஓடுவம்!”

“பந்தயம் பந்தயம்தான். திறப்பைக் குடு.”

ஆனந்தராசா பெருமூச்சு விட்டுத் திறப்பை மனைவியின் உள்ளங்கையில் வைத்தான். தோமஸ் கைதட்டினான். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆனந்தராசா குரலைத் தாழ்த்தினான்.

“சரி, இனித் தா. வீட்டை ஆர் ஓடுறது?”

புஷ்பவதி திறப்பைக் கொடுக்கவில்லை. தேசிக்காய் எடுத்த அதே பைக்குள்ளிருந்து ஒரு பழந்துணியையும் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்தாள். குந்தியிருந்து வலப்பக்கப் பின் சில்லை மூன்று தரம் கழுவி, எண்ணெய்ப் பசை போய்விட்டதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“உதையும் வீட்டிலை இருந்தே கொண்டு வந்தனியோ?”

அவள் பையின் அடியிலிருந்து தன் பெயர் போட்ட, மூன்று மாதத்துக்கு முந்திய திகதியிட்ட ட்ரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டிவிட்டு, இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

“மற்றப் பக்கத்தாலை ஏறுங்கோ. பஸ் தரிப்பிலை இறக்கி விடுறன்.”