ஏழாம் சேனலில் ஓர் ஆட்டம்

“ஒரே ஒரு ஆட்டம் சார். பழையபடி லோக்கல் டிவி ஏழாம் சேனல்ல காட்டிடுங்க, அது போதும்.”

கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் கோர்டன் ஹேவர்காம்ப், கடித்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்தவளைப் பார்த்தார். நோரீன் செட்டர். பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடும் பிரினின் தாய். வரும் சனிக்கிழமை பிரினுக்குக் கல்லூரியில் கடைசி ஆட்டம்.

“மேடம், எங்க லீக்ல இருக்கிற எட்டு காலேஜும் சேர்ந்து மொத்த ஒளிபரப்பையும் ஸ்ட்ரீமிங் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாச்சு. இனி எல்லாம் அவங்க ஆப்லதான். எங்க பேண்டு வாத்தியத்தைக்கூட நான் இஷ்டத்துக்குக் காட்ட முடியாது.”

“அந்த ஆப் அங்க வராது சார்.”

“நம்ம ஐயோவா மாநிலத்துல நெட் வராத இடமா? என் மாமனாரே மாட்டுக் கொட்டகையில உட்கார்ந்து பார்க்கிறார். யாருக்கு, உங்க வீட்டுக்காரருக்கா? சந்தாவை நானே கட்டறேன்.”

“போன் வெச்சுக்க முடியாது.”

“அப்ப கூட்டிட்டு வாங்க. முதல் வரிசையில உட்கார வைக்கிறேன்.”

“வர முடியாது.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

ஹேவர்காம்புக்கு எரிச்சல் வந்தது. “பின்னே? கட்டியா போட்டிருக்காங்க?”

நோரீன் மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: “கிட்டத்தட்ட அப்படித்தான். ஜெயில். அங்க ஹால்ல ஆன்டெனா வெச்ச டிவி ஒண்ணு இருக்கு. போன வருஷம் வரைக்கும் பிரின் ஆடினதெல்லாம் அதுல வந்துச்சு. இப்ப வர்றதில்லை. பிரின்தான் உங்ககிட்ட கேட்கச் சொன்னா.”

அவர் சாண்ட்விச்சை மறுபடி எடுக்கவில்லை.

அன்று மதியமே ஸ்ட்ரீமிங் கம்பெனியின் மேலாளர் ட்ரெவருக்குப் போன் போட்டார்.

“கையெழுத்துப் போட்ட மை காயல, அதுக்குள்ள விதிவிலக்கா கோர்டன்?” ட்ரெவர் சிரித்தான். “உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு மத்த ஏழு பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க.”

“நிக்கட்டும். ஜெயில்ல இருக்கிற அப்பா ஒருத்தர் மகளோட கடைசி ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்படறார். அவ்வளவுதான்.”

ட்ரெவரின் குரல் குழைந்தது. “ஜெயிலா? அடடா! ஒரு கேமராவை உள்ள அனுப்பட்டுமா? அந்த அப்பா கண்ணைத் துடைக்கிற மாதிரி ஒரு நிமிஷம் கிடைச்சாலும் அடுத்த சீசன் முழுக்க விளம்பரமா ஓட்டிடலாம்.”

“கேமராவைத் தூக்கிட்டு எவனாவது அந்தப் பக்கம் போனான்னா, அடுத்த லீக் கூட்டத்துல உங்க ஒப்பந்தத்துக்கு எதிரா முதல்ல கை தூக்கறது நானாத்தான் இருப்பேன்.”

சாயங்காலத்துக்குள் அனுமதி வந்தது. இந்த ஒரு முறைதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை வெளியே பனி கொட்டியது. அரங்கில் பாதி இருக்கைகள் காலி. பிரின் நன்றாகவே ஆடினாள். ஆனாலும் அணி தோற்றது. தோழிகள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் விலகி, மூலையில் இருந்த ஏழாம் சேனல் கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள். நேராக அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். பிறகு மெல்லக் கையசைத்தாள்.

ஹேவர்காம்ப் படியேறி நோரீனிடம் வந்தார்.

“பார்த்திருப்பார் மேடம். பெத்த மனசு எப்படிக் குளிர்ந்திருக்கும்!”

நோரீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“பிரினோட அப்பா செத்து ஆறு வருஷமாச்சு சார். குடிச்சிட்டு வண்டியை அவர் மேல ஏத்தின பையன்தான் அந்த ஜெயில்ல இருக்கான். பிரின் அவனை மன்னிச்சுட்டா, என்னாலதான் இன்னும் முடியல.”